கயிற்றுக்காரியின் குரல்

காலில் முள் ஏறியவள் வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே. கயிற்றுக்காரி படுக்கவில்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே என் ஐஸ் கடை வாசலுக்கு வந்தாள். ஐஸ் கட்டி வைக்கிற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். நாலு பேர் வந்து போகிற கடையில் அதுதான் நான் அடிக்கடி திறந்து மூடுகிற பெட்டி. எழுந்திருடி என்று சொன்னால் எழுந்திருக்கிற முகமாக அன்று அவள் முகம் இல்லை.

"எங்க நிக்கிறாங்க, தெரியுதாக்கா?"

"யாரு?"

"யாரா? என் வீட்டுக்காரரும் அவங்க அக்காவும்தான். வேற யாரைப் பாக்க இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

"பாறை மேல நிக்கிறாங்க."

"பாறை மேலதான் நிப்பாங்க, மரத்து மேலயா நிப்பாங்க? நடுவுலயா, நுனியிலயா?"

நுனியில்தான் நின்றார்கள். எனக்கு நன்றாகவே தெரிந்தது. "நடுவுல மாதிரிதான் இருக்கு" என்று மழுப்பினேன். அவளுக்கும் கண் இருந்தது.

என் கடையும் அவர்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். ஆகையால் இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

எங்கள் கரைக்கு எதிரே, தண்ணீர் வற்றும்போது மேலே தெரிகிற தட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புத் திட்டு. கிட்டே போனால் முழுக்க ஓட்டை, பூச்சி அரித்த பலகை மாதிரி. ஓட்டைக்கு ஒன்றாக முள்ளி உட்கார்ந்திருக்கும். புத்தகத்தில் கடல் முள்ளெலி என்று போட்டிருப்பார்கள், எங்களுக்கு முள்ளி. அதிலும் இது பாறையைக் குடைகிற சாதி. பல்லாலும் முள்ளாலும் கல்லைச் சுரண்டிச் சுரண்டித் தனக்கென்று ஒரு குழி பண்ணிக்கொண்டு அதற்குள்ளேயே காலத்தை ஓட்டிவிடும். அலை அடித்துக்கொண்டு வருகிற பாசித் துணுக்கை முள்ளால் பிடித்துத் தின்னும். பக்கத்துக் குழிக்காரன் தெரியாமல் உள்ளே காலை வைத்துவிட்டால் போச்சு. முட்டும், தள்ளும், கடிக்கவும் செய்யும். வந்தவன் வெளியே போகிறவரை விடாது.

அதை எடுப்பது லேசு இல்லை. கை பட்டது தெரிந்துவிட்டால் முள்ளையெல்லாம் குழிச்சுவரில் ஊன்றிக்கொள்ளும், பிறகு பாறையை உடைத்தால்தான் உண்டு. வளைந்த கம்பியை அடியில் விட்டு, அது சுதாரிக்கும் முன்னால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். அதற்குக் கொக்கிக்காரன் குழிக்குள் கண்ணை வைத்துக் குனிந்தபடியே கிடக்க வேண்டும். கொழுத்த முள்ளியெல்லாம் பாறையின் வெளி ஓரத்தில் இருக்கும், அலை எகிறி விழுவதும் அங்கேதான். அதனால் கொக்கிக்காரன் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள். அந்த ஆளுக்குக் கடலைப் பார்ப்பது ஒன்றுதான் வேலை. கொக்கிக்காரன் ஓரிடத்தில் குந்துவதற்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில் வெறும் குழி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வான். அதற்குப் பிடிகுழி என்று பெயர். பின்னால் இருக்கிற ஆள் குரல் கொடுத்தால், என்ன ஏது என்று நிமிராமல் இடது கையைப் பிடிகுழிக்குள் விட்டுக் கவ்விக்கொண்டு, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிய அங்கே நேரம் இருக்காது.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு குரல் உண்டு. கயிற்றுக்காரியுடையது 'ஊய்' என்று தொடங்கிக் கடைசியில் கீச்சென்று மேலே ஏறும். என் கடையில் மோட்டார் ஓடும்போதுகூடக் கேட்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் அந்தக் குரலுக்குத்தான் குனிந்துகொண்டிருந்தான். வீட்டிலும் அப்படித்தான் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கயிற்றைப் பிடித்தவள் அவனுடைய அக்கா. பிறகு அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். புருஷன் கப்பலில் வேலை, வீட்டில் அவள் மட்டும். தம்பி மனைவிக்குக் காலில் அடிபட்டது என்று கேள்விப்பட்டதும் ஒரு பையோடு வந்து இறங்கிவிட்டாள். அடிபட்டது பாறையில் என்றாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். உடைத்துப் போட்ட முள்ளி ஓட்டுக் குவியலை வீட்டுப் பின்புறத்தில் வெறுங்காலோடு மிதித்தாள் இவள். கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கீறி, தையல் போட்டு, ஆறுகிறவரை தண்ணீரே படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மதியம் பின்புறத்தில் பெண்கள் மூன்று பேரும் உட்கார்ந்து முள்ளி உடைத்தோம். ஐஸ் கொடுக்கப் போனவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? கத்தரியால் வாயைச் சுற்றி வெட்டி, உப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற சினையை, நாங்கள் மஞ்சள் என்போம், சின்னக் கரண்டியால் நைந்துபோகாமல் வழித்துத் தட்டில் அடுக்க வேண்டும். சாயங்காலம் வேன்காரர் வந்து எடுத்துப் போவார். அக்காக்காரி நல்ல உயரம், நல்ல குரல், சிரித்தால் தட்டு ஆடும். தட்டுக்கு ஒன்று என்றால் தன் வாய்க்கு ஒன்று என்று வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இப்படிக் கொழுத்தது நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் அண்ணி. அதை எடுக்கப் போய்த் திரும்பி வராத ஆளையும் பாத்திருக்கேன்."

"அட, நீ ஒரு பயந்தாங்கொள்ளி. தக்கனூண்டு அலைக்கெல்லாம் கூவுவியாமே? தம்பி சொன்னான்."

கயிற்றுக்காரியின் கரண்டி நின்றது. "என்ன சொன்னாரு?"

"தப்பா ஒண்ணும் சொல்லல. நீ நின்னா நிம்மதியா வேலை செய்ய முடியுதுக்கா, படுத்து எழுந்து படுத்து எழுந்து முட்டி தேயலன்னான். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி மஞ்சளை வாயில் போட்டாள். கயிற்றுக்காரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் பேச்சை மாற்றலாம் என்று வேன்காரரின் புது மீசையைப் பற்றி ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஒண்ணு கவனிச்சேன்," என்றாள் அக்காக்காரி. "ஒரு முள்ளியை எடுத்தா அந்தக் குழி சும்மாவே கிடக்கிறதில்ல. அடுத்த தடவை போறப்ப வேற ஒண்ணு வந்து சட்டமா குந்திக்கிட்டிருக்கு."

சத்தியமாக அவள் முள்ளியைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் கேட்டவள் அப்படிக் கேட்கவில்லை.

"குழியைத் தோண்டினது யாருன்னு வந்ததுக்குத் தெரியுமா அண்ணி?"

அக்காக்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் ரோஷம் இருக்காதா? "அப்படிப் பாத்தா அந்தக் குழியே நான் தோண்டினதும்மா. அவன் கொக்கி புடிக்கக் கத்துக்கிட்டப்ப பின்னாடி நின்னது நீயா, நானா?"

எனக்குக் கடை ஞாபகம் வந்து எழுந்து வந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி பேச்சு. நான் ஒன்றும் காதை ஒட்டவைத்துக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கத் தேவையும் இல்லை.

"நுனிக்குப் போறீங்க."

"கொஞ்சம் தள்ளி. அவ்வளவுதான்."

"என்னை ஏமாத்தாதீங்க. முள்ளைப் பாத்தா தெரியாதா எனக்கு? அலை அடிக்கிற எடத்துல இருக்கிறதுக்குத்தான் முள்ளு இப்படிக் கட்டையா இருக்கும்."

"அக்கா நல்லாப் பாத்துக்கறா."

"அப்ப நான் நல்லாப் பாத்துக்கலையா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"முட்டி தேயுதுன்னு சொன்னீங்களாம்."

பிறகு அவன், "அது சும்மா பேச்சுக்குச் சொன்னது" என்றான்.

"பாறையில பேச்சு எதுக்கு? நான் நிக்கிறப்ப ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?"

"நீதானே பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டே?"

"கால் ஆறினதும் அவங்க போயிடுவாங்கல்ல?"

"அங்க போய் என்ன பண்ணப் போறா, தனியா. இருந்துட்டுப் போகட்டும். நீ வீட்டுல உக்காந்து மஞ்சள் வழிச்சா போதாதா? உனக்கும் வெயில்ல நிக்கிற கஷ்டம் இல்ல. பாறைக்கு அக்காவே வந்துட்டுப் போறா."

இதைவிட அனுசரணையான வார்த்தை உலகத்தில் இல்லை என்று நினைத்திருப்பான், பாவி. அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் நங்கென்று வைக்கப்பட்டது. இந்தப் பக்கம் என் அலமாரி அதிர்ந்தது.

மறுநாள் காலை மறுபடியும் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்கு வயிறு எரியுதுக்கா."

"எதையாவது சாப்பிட்டியா?"

"கிண்டல் பண்ணாதே. கூடப் பொறந்தவங்க அவங்க. அதைப் பாத்து எரியுது பாரு எனக்கு. வேற எவளாவது நின்னா ஊரே எனக்காகப் பேசும். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"பின்னால நிக்கிறது என்னடி, பெரிய சிம்மாசனமா? உக்காந்து சாப்பிடச் சொன்னா கசக்குதா?"

"உனக்குத் தெரியாதுக்கா. வீட்டுல நான் சொல்றதுல பாதி அவர் காதுலயே ஏறாது. உப்பு வாங்கிட்டு வரச் சொன்னா சோப்பு வாங்கிட்டு வருவாரு. அங்க நான் வாயைத் திறந்தா போதும், எதுக்கு, ஏன்னு ஒரு கேள்வி கிடையாது. அப்படியே விழுவாரு. ஒரு மனுஷன் இன்னொருத்தரை அப்படி நம்பி நீ பாத்திருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். வீடு தீப்பிடித்துவிட்டது என்று நான் கத்தினால், எந்த மூலையில் என்று கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் எழுந்திருப்பார். அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னைத் தண்ணி வரைக்கும் கூட்டிட்டுப் போறியா? இங்கிருந்து சரியாத் தெரியல."

கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டாள். கடையைச் சாத்திவிட்டு, அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு மணலில் இறங்கினேன். காற்று விழுந்திருந்தது. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறை எப்போதையும்விட அகலமாக வெளியே வந்து பாசி நாற்றத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. அலை என்று பெயர் சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. நுனி ஓரத்தில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவன் ஓரிடத்தில் வேலையை முடித்துவிட்டு எழுந்தான். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தான். நடந்தபடியே பின்னால் திரும்பி அக்காவிடம் ஏதோ சொன்னான். அவள் கயிற்றைப் பிடித்தபடியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். கரை வரைக்கும் கேட்டது.

என் தோளில் இருந்த கை இறுகியது. "சிரிக்கிறாரு."

"சிரிச்சா என்னடி? சிரிக்கட்டும்."

"பாறையில என்கிட்ட ஒரு தடவைகூட அவர் சிரிச்சதில்லக்கா."

சொல்லி முடித்தாளோ இல்லையோ, கூவிவிட்டாள். 'ஊய்' என்று என் காதுக்குப் பக்கத்திலேயே ஏறிக் கீச்சென்று முடிந்தது.

நடக்கிறவனுக்குக் குரல் கொடுக்க மாட்டார்கள். குந்துகிற இடம் வந்து சேராதவன் பிடிகுழி பார்த்து வைத்திருக்க மாட்டான், அதனால் முதலில் கயிற்றை இழுத்து நிறுத்துவார்கள். இந்த வேலை தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனோ குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. நடந்துகொண்டிருந்தவன் அப்படியே முட்டியை மடித்து விழுந்தான். கூடை ஒரு பக்கம் உருண்டது. இடது கை பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு குழிக்குள் முழு வேகத்தில் இறங்கியது. அக்காக்காரி பதறிப்போய்க் கடலைப் பார்த்தாள். கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடந்தது. பிறகு அவள் கரைப்பக்கம் திரும்பினாள்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, என் பக்கத்தில் நின்றவள் முகத்தில் அப்போது சந்தோஷம்தான் இருந்தது.

"விழுந்துட்டாருக்கா," என்றாள் மூச்சு வாங்க. "என் குரலுக்கு விழுந்துட்டாரு."

"அலை எங்கடி?" என்றேன் நான்.

அதற்குள் அவன் எழுந்து கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்தக் குழி காலி இல்லை, உள்ளே முள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் கை கறுப்பாகத் தெரிந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முடிந்தவரை எடுத்தார்கள். மீதியை வீட்டில் வெந்நீரில் கையை ஊறவைத்து ஊசியால் எடுத்தாள் அவள். விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. நடுவிரல் மூட்டுக்குள் ஒடிந்த ஒன்று வரவே மாட்டேன் என்றது. அவள்தான் பேசினாள், ஊசியைவிட வேகமாக.

"பெரிய அலை ஒண்ணு எழுந்து வந்துச்சு. அங்கிருந்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கரையில நின்னாத்தான் தெரியும். எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. அதான் கூப்பிட்டேன்."

"ம்," என்றான் அவன்.

"நல்லவேளை, அது வர்ற வழியிலயே அடங்கிடுச்சு."

"ம்."

அடுக்களையில் அக்காக்காரி தன் துணிகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"அலை வந்துச்சாம்," என்றாள் என்னிடம்.

"அப்படித்தான் சொல்றா."

"அவன் முதுகுல ஒரு துளி தண்ணி படல. சட்டை மொடமொடன்னு காஞ்சிருந்துது. நான் எதுக்கு எடுத்துச் சொல்லணும்? அதைப் போட்டுக்கிட்டவனுக்குத் தெரியாதா?"

அவள் ஒரு புடவையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எனக்கு எது தாங்கல தெரியுமா? கயிறு என் கையில. பின்னாடி நிக்கிறது நான். நான் வாயைத் திறக்கல. எங்கேயோ மணல்ல நின்னுக்கிட்டு அவ ஒரு சத்தம் போட்டதுக்கு விழுறான். கூட நிக்கிறவளை ஒரு பார்வை பாத்திருக்கலாம்ல? அக்கா என்ன சொல்றான்னு பாத்திருக்கலாம்ல? சின்னப் பையனா இருந்தப்ப இருந்து நான் புடிச்ச கயிறு இது." அவ்வளவு பெரிய உருவம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதது. "நான் ஒரு கிறுக்கி. இருக்கச் சொன்னான்னு இருந்துட்டேன்."

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து தம்பி மனைவியின் மடியில் வைத்தாள். "இந்தா. நான் இதைப் பிடுங்கிக்க வரலம்மா" என்றாள். கயிற்றுக்காரி தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றாள். அவள் சாப்பிடாமலே போனாள்.

காலும் ஆறியது, கையும் ஆறியது. நடுவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை, அதை வைத்துக்கொண்டே கொக்கி பிடிக்கப் பழகிவிட்டான். மறுபடி பாறைக்குக் கிளம்பிய அன்று அவளைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண் தோற்றாள். கயிற்றை அலசிக் காயப்போட்டு, முடிச்சையெல்லாம் புதிதாகப் போட்டிருந்தாள். அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டும்போது, "இனிமே சின்ன அலைக்கெல்லாம் கூவ மாட்டேன்க்கா, அவருக்கு முட்டி தேயுதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சொன்னபடியே செய்தாள். அவனை நுனிக்குப் பாதி தூரம் வரை போகவிட்டாள். சின்னச் சின்ன அலை வந்து கணுக்காலை நனைத்தபோது பேசாமல் நின்றாள். நான் மோட்டாரைப் போட்டு ஐஸ் அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தையும் மீறி அவள் குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இந்தத் தடவை அலை இருந்தது. பாறையின் ஓரமே மறைகிற மாதிரி ஒன்று எழுந்து வந்துகொண்டிருந்தது.

அவன் தலையைத் தூக்கினான். கடலைத் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் குனிந்தான்.

கை பிடிகுழிக்குள் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் அவன் மேல் விழுந்துவிட்டது. வெள்ளையாக நுரை, அதற்குள் ஒரு கால், அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் குதிகாலைப் பாறையில் ஊன்றி மல்லாந்து படுத்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். நான் கடையை விட்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் நுரை வடிந்து, அவன் முழங்கை தேய்ந்து ரத்தம் ஒழுக, கயிறு இழுத்த பக்கமாகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். கொக்கி போன இடம் தெரியவில்லை. இருமி இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையை ஆட்டினான். அவள் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் ஐஸ் வாங்க வந்தார்கள். அவள் வழக்கம்போலப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அவன் காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தான். நல்ல மனதோடுதான் இருந்தான்.

"நாளையிலிருந்து நடுவுலயே இருந்துக்கலாம்," என்றான் அவளிடம். "நீ சொல்றதுதான் சரி. நுனி வேண்டாம். இன்னிக்கு நீ இல்லன்னா நான் இல்ல."

இதைக் கேட்கத்தானே இத்தனையும் பண்ணினாள். ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் மலரவில்லை. தோல் உரிந்த கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, எதுக்குப் பாத்தீங்க?"

"எதை?"

"நான் கூப்பிட்டப்ப. குனியறதுக்கு முன்னாடி திரும்பிக் கடலைப் பாத்தீங்களே."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தான்.

"பாத்தேனா? இல்லையே. நீ கூப்பிட்டதும் விழுந்துட்டேனே."

பொய் சொல்லத் தெரியாத முகம் அது. நான் கண்ணால் பார்த்தவள், அவன் திரும்பியதை. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஐஸ் சாக்கைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் வா, வேன் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஐஸ் வாங்க வேறு ஆள் வந்து காத்திருந்தார். நானும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

"பாத்தது அவருக்கே தெரியலக்கா," என்றாள். "தெரிஞ்சு பாத்திருந்தா சண்டை போட்டிருப்பேன்."